அரங்கத்துக்குள் ஓடிய ரயில்: ஜோ ரைட்டின் 'அன்னா கரீனினா'

ஜோ ரைட் இயக்கி 2012இல் வெளிவந்த 'அன்னா கரீனினா' படத்தின் பெரும்பகுதி, பாழடைந்த ஒரு நாடக அரங்கத்துக்குள் நடக்கிறது. லண்டனை ஒட்டிய ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் அந்த அரங்கத்தை செட்டாகப் போட்டார்கள். மேடை, திரைச்சீலை, பார்வையாளர் கூடம், மாடத்து இருக்கைகள், மேடைக்கு மேலே கயிறுகளுக்கிடையே ஓடும் மரப்பாலங்கள் எல்லாம் அதில் உண்டு. பீட்டர்ஸ்பர்க் பிரபுக்களின் வரவேற்பறை, மாஸ்கோவின் அரசு அலுவலகம், நடன விருந்து, குதிரைப் பந்தயம் என டால்ஸ்டாயின் நாவலில் வரும் இடங்கள் அந்த ஒரே கட்டடத்தின் ஏதாவதொரு மூலையில் உருவாகி, கண்ணெதிரிலேயே கலைந்து, வேறொன்றாக மாறுகின்றன. எழுத்தர்கள் ரப்பர் முத்திரை குத்தும் தாளத்தில் அலுவலகம் நடக்கிறது. ஒருவர் மேலங்கியைக் கழற்றி முடிப்பதற்குள் அலுவலகம் உணவு விடுதியாகிவிடுகிறது.

உலகம் முழுவதும் படிக்கப்பட்ட ஒரு துயர நாவலை இப்படி எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே அதை வாசித்தவர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. கதை எங்கே முடியும் என்பது நாவலைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் தெரியும். ஆகவே படத்துக்குக் காத்திருப்பவர் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு வாசகரும் தமக்குள் ஓர் அன்னாவை வைத்திருக்கிறார். அவள் நடை, குரல், நெற்றியோரம் சுருண்ட முடிக்கற்றை எல்லாம் மனத்தில் பதிந்திருக்கின்றன. திரையில் வரப்போகிறவள் அவளா, வேறு யாரோவா என்பதில்தான் கவலை. ரைட்டின் படத்தில் அந்தக் கவலைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அவரும் அன்னாவாக நடித்த கெய்ரா நைட்லியும் 2005இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 2007இல் 'அட்டோன்மென்ட்' என இரு நாவல்களைப் படமாக்கியிருந்தார்கள். இரண்டும் உண்மையான மாளிகைகளிலும் புல்வெளிகளிலும் எடுக்கப்பட்டவை. மூன்றாவதும் அதே வரிசையில் பனியும் கம்பளி அங்கியுமாக வரும் என்று எண்ணியவர்கள் பலர்.

அந்த எண்ணத்துக்குப் பின்னால் நீண்ட திரை வரலாறு இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் நாவல் பிறந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1872 ஜனவரியில் டால்ஸ்டாயின் பண்ணையான யாஸ்னயா பொல்யானாவுக்கு அருகிலிருந்த ரயில் நிலையத்தில் அன்னா ஸ்டெபானோவ்னா பிரகோவா என்ற பெண் சரக்கு ரயில் முன் விழுந்து உயிரை விட்டாள். டால்ஸ்டாயின் அண்டை நிலக்கிழார் ஒருவருடன் மணமாகாமல் வாழ்ந்து கைவிடப்பட்டவள் அவள். டால்ஸ்டாய் நேரில் போய் அந்த உடலைப் பார்த்தார். அடுத்த ஆண்டு புஷ்கின் முடிக்காமல் விட்ட ஓர் உரைநடைத் துண்டைப் படித்த வேகத்தில் நாவலை எழுதத் தொடங்கினார். 1875 முதல் 1877 வரை 'ரூஸ்கி வெஸ்த்னிக்' இதழில் அது தொடராக வந்தது. செர்பியாவுக்குப் போன ரஷ்யத் தன்னார்வப் படையினரைப் பற்றி எட்டாம் பாகத்தில் டால்ஸ்டாய் எழுதியிருந்ததை இதழாசிரியர் கத்கோவ் ஏற்கவில்லை. அந்தப் பாகத்தை டால்ஸ்டாய் தனியாக அச்சிட்டார். முழு நாவல் 1878இல் நூலாயிற்று. தமிழில் நா. தர்மராஜனின் மொழிபெயர்ப்பில் அது கிடைக்கிறது.

பேசாப்பட காலத்திலேயே அன்னா திரைக்கு வந்துவிட்டாள். எட்மண்ட் கோல்டிங் இயக்கிய 'லவ்' (1927) படத்தில் கிரேட்டா கார்போ அன்னாவாக நடித்தார். அதற்கு இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்றில் நாவலில் உள்ளபடி அன்னா சாகிறாள். அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர்கள் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று தரப்பட்ட மற்றதில் கணவன் இறந்துபோக, காதலர்கள் சில ஆண்டுகள் கழித்துச் சேர்கிறார்கள். துயரத்தை விற்பது கடினம் என்ற அச்சம் அன்றே இருந்திருக்கிறது. 1935இல் கிளாரன்ஸ் பிரவுன் இயக்கத்தில் கார்போ மறுபடியும் அன்னாவானார். இப்போது முடிவு நாவலின்படியே இருந்தது. ஆனால் ஹாலிவுட்டின் தணிக்கை நெறி அன்னாவுக்கும் அவள் காதலன் வ்ரோன்ஸ்கிக்கும் பிறக்கும் பெண்குழந்தையைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டது. 1948இல் விவியன் லீ, 1967இல் சோவியத் படத்தில் தத்யானா சமோய்லோவா, 1997இல் ரஷ்யாவிலேயே எடுக்கப்பட்ட படத்தில் சோஃபி மார்சோ என்று வரிசை நீள்கிறது.

எகிப்தில் 1960இல் ஃபாத்தேன் ஹமாமாவும் உமர் ஷரீஃபும் நடித்த 'நஹ்ர் அல்-ஹுப்' இந்தக் கதையைக் கெய்ரோவின் மேல்தட்டு வாழ்க்கைக்குள் கொண்டுபோயிற்று. தமிழும் இந்த வரிசையில் சேரும். 1953இல் வந்த 'பணக்காரி' இந்த நாவலைத் தழுவியது. டி. ஆர். ராஜகுமாரி, நாகையா ஆகியோருடன் எம்.ஜி.ஆரும் அதில் நடித்தார். டால்ஸ்டாயின் நாயகியைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவரும் துணிவு அந்தக் காலத்திலேயே இருந்தது என்பது இன்று மறந்துபோன செய்தி.

கதையை வேறு நாட்டுக்கு மாற்றிய தழுவல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவை எவ்வளவு தத்ரூபமாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு நாவலுக்கு நெருங்குகிறோம் என்பதே அந்த நம்பிக்கை. தொங்குவிளக்கு, சமோவார், ராணுவச் சீருடை, ரயில் எஞ்சின் அனைத்தும் சரியாக இருந்தால் மற்றது தானே வந்துவிடும் என்று அவை எண்ணின. டால்ஸ்டாயே பொருள்களை அத்தனை கவனமாக எழுதியவர் என்பதால் அது பொருந்தாத எண்ணமென்றும் சொல்ல முடியாது. ஆனால் அதே மாளிகைகளுக்கு முன் எத்தனையோ படக்குழுக்கள் போய் வந்துவிட்டன. ரைட்டும் ரஷ்யாவிலும் இங்கிலாந்திலும் இடம் தேடினார். எங்கு போனாலும் அங்கே ஏற்கனவே ஒரு படம் எடுக்கப்பட்டிருந்தது. செலவும் கையை மீறியது. படப்பிடிப்பு நெருங்கிக்கொண்டிருந்த நிலையில்தான் எல்லாவற்றையும் ஒரே அரங்கத்துக்குள் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். டாம் ஸ்டாப்பர்ட் எழுதியிருந்த திரைக்கதை வழக்கமான படத்துக்கானது. அதைப் பெரிதாக மாற்றாமலேயே காட்சிகள் அரங்கத்துக்குள் நகர்த்தப்பட்டன. பணத்தட்டுப்பாட்டில் பிறந்த முடிவு என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. தேவை தள்ளிவிட்ட வழியில் ஒரு கருத்தையும் ரைட் கண்டெடுத்தார்.

அந்தக் கருத்து வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸின் 'நடாஷாவின் நடனம்' (2002) என்ற நூலிலிருந்து வந்தது. மகா பீட்டர் தம் பிரபுக்களின் தாடியை மழிக்கச் சொல்லி, ஐரோப்பிய உடையை மாட்டச் சொல்லி, நேவா ஆற்றுச் சதுப்பில் ஒரு புதிய தலைநகரையும் எழுப்பினார். அதன்பின் ரஷ்ய மேல்தட்டினர் எப்படி நிற்பது, எப்படி வணங்குவது, எந்த மொழியில் காதலிப்பது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு நடத்திக்காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் பிரெஞ்சு, வேலையாட்களிடம் ரஷ்ய மொழி. தம் வாழ்க்கையையே மேடைமேல் நடப்பதுபோல் அவர்கள் வாழ்ந்தார்கள் என்று ஃபைஜஸ் விளக்குகிறார். டால்ஸ்டாயின் நாவலிலும் பிரபுக்கள் உள்ளதை மறைக்க வேண்டிய இடங்களில் பிரெஞ்சுக்குத் தாவுகிறார்கள். பீட்டர்ஸ்பர்க் சமூகம் மேடை என்றால் அதை மேடையிலேயே காட்டலாம் என்பது ரைட்டின் முடிவு.

நாவலுக்குள் இதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. ஐந்தாம் பாகத்தில் அன்னா கணவனை விட்டு வ்ரோன்ஸ்கியுடன் வெளிநாட்டில் வாழ்ந்து பீட்டர்ஸ்பர்க் திரும்பியிருக்கிறாள். மகன் செர்யோஷாவை அவன் பிறந்தநாளன்று திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்த துயரம் இன்னும் ஆறவில்லை. அன்றிரவே ஓபரா பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். வ்ரோன்ஸ்கி தடுக்கிறான். பாரிஸில் தைத்த, கழுத்து தாழ்ந்த பட்டும் வெல்வெட்டுமான உடையோடு, தலையில் விலையுயர்ந்த வெண்ணிறச் சரிகையோடு போகிறாள். அடுத்த பாக்ஸில் கர்த்தாசோவ் தம்பதி. மனைவி எழுந்து, அன்னாவின் பக்கத்தில் உட்காருவதே அவமானம் என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். மேடையில் பாட்டு தொடர்கிறது. பைனாகுலர்கள் மேடையை விட்டு அன்னாவின் பக்கம் திரும்புகின்றன. வ்ரோன்ஸ்கியும் கூட்டத்திலிருந்து தன் பைனாகுலர் வழியாகத்தான் அவளைப் பார்க்கிறான். அவன் முதலில் உணர்வது எரிச்சலை. இரக்கம் பின்னால்தான் வருகிறது. இந்த அத்தியாயத்தைக் கவனமாகப் படித்தவருக்கு, முழுப் படத்தையும் அரங்கத்துக்குள் வைத்தது விசித்திரமாகத் தோன்றாது. டால்ஸ்டாய் ஓர் இரவில் காட்டியதை ரைட் கதை முழுக்க விரித்திருக்கிறார்.

குதிரைப் பந்தயத்தைப் படம் கையாளும் விதத்தை இதற்கு அடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். டால்ஸ்டாய் அந்தப் பந்தயத்தை இருமுறை எழுதியிருக்கிறார். முதல்முறை வ்ரோன்ஸ்கியின் சேணத்தின் மேலிருந்து. பள்ளம், வேலி, நீரோடை எல்லாவற்றையும் தாண்டிய ஃப்ரூ-ஃப்ரூ என்ற அவனது பெண்குதிரை கடைசியில் அவன் தவறாகச் சேணத்தில் அமர்ந்ததால் முதுகெலும்பு முறிந்து விழுகிறது. இரண்டாம் முறை பார்வையாளர் மேடையிலிருந்து. இந்த முறை கதை அன்னாவின் கணவன் கரேனினோடு நிற்கிறது. அவர் குதிரைகளைப் பார்க்கவில்லை; மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். பதினேழு குதிரைவீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்த பந்தயம் அது. வேறு யார் விழுந்தபோதும் அசையாத அந்த முகம் ஒருவன் விழும்போது மட்டும் வெளிறிப்போவதை அவர் காண்கிறார். எழுந்து போகலாம் என்று கையை நீட்டுகிறார். அவள் கேட்கவில்லை. மறுபடியும் நீட்டுகிறார். வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

படத்தில் குதிரைகள் அரங்கத்தின் மேடையைக் குறுக்கே கடந்து ஓடுகின்றன. சமூகம் மாடங்களில் கூடி நின்று பார்க்கிறது. அன்னாவின் கைவிசிறி படபடக்கும் ஒலி குளம்போசையோடு கலக்கிறது. வ்ரோன்ஸ்கியின் குதிரை மேடையின் விளிம்பிலிருந்து கீழே பார்வையாளர் கூடத்தில் விழுகிறது. அன்னா அலறுகிறாள், ஒட்டுமொத்த அரங்கமும் அவள் பக்கம் திரும்புகிறது. டால்ஸ்டாய் தனித்தனியாகச் சொன்ன இரண்டையும் ரைட் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடத்துகிறார். ஓடுபவனும் பார்ப்பவளும் அவளைப் பார்ப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். உண்மையான பந்தயத் திடலில் எடுத்திருந்தால் கேமரா குதிரைக்கும் முகத்துக்கும் மாறிமாறிப் போயிருக்கும். இங்கே அந்தத் தூரமே இல்லை. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். வழக்கத்துக்கு மாறான வடிவம் நாவலில் உள்ள ஒன்றை முந்தைய எந்தப் படத்தையும்விடத் தெளிவாகக் காட்டும் இடம் இது.

நடன விருந்தும் ஏறக்குறைய அதே வலுவோடு இருக்கிறது. பெல்ஜிய நடன அமைப்பாளர் சிடி லார்பி செர்காவி அமைத்த அந்த வால்ட்ஸில் கைகள் கொடிபோல் பின்னிப் பிரிகின்றன. எந்த வரலாற்று நடனத்திலும் இல்லாத அசைவுகள் அவை. அன்னாவும் வ்ரோன்ஸ்கியும் கடந்து போகும் வரை மற்ற ஜோடிகள் சிலைகளாக நிற்கிறார்கள். இவர்கள் நெருங்கியதும் அசையத் தொடங்குகிறார்கள். நாவலில் இந்த இரவு கிட்டியின் கண்கள் வழியாகவே சொல்லப்படுகிறது. மசூர்க்காவுக்கு வ்ரோன்ஸ்கி தன்னை அழைப்பான் என்று காத்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண், அன்னாவின் முகத்தில் ஒளி ஏறுவதைக் கண்டு நொறுங்கிப்போகிறாள். படத்திலும் கிட்டியாக நடித்த அலிசியா விகாண்டரின் முகத்துக்குக் கேமரா திரும்பத் திரும்ப வருகிறது. அன்னாவின் கருப்பு உடையையும் கிட்டியின் வெளிர் உடையையும் வடிவமைத்தவர் ஜாக்குலின் டுரன். 1870களின் பாவாடை அமைப்போடு 1950களின் பாரிஸ் தையல்பாணியை அவர் கலந்தார். அந்த உடைகளுக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அரங்கத்துக்கு வெளியே போகிறவன் கிட்டியை மணக்க விரும்பும் லெவின். கிட்டி மறுத்துவிட்ட பிறகு அவன் மேடையின் பின்புறம் நடந்து பெரிய கதவுகளைத் தள்ளித் திறக்கிறான். எதிரே பனி மூடிய வெட்டவெளி. அதன்பின் அவன் கிராமம், பண்ணை, விவசாயிகளோடு சேர்ந்து அரிவாளால் புல்லறுப்பது எல்லாம் உண்மையான வானத்தின் கீழ் நடக்கின்றன. அதில் ஒரு பகுதியை ரஷ்யாவின் வடக்கே ஒனேகா ஏரியிலுள்ள கீஷி தீவில் எடுத்தார்கள். 1944இல் லாரன்ஸ் ஒலிவியே 'ஹென்றி த ஃபிஃப்த்' படத்தை குளோப் அரங்கத்தின் மேடையில் தொடங்கி மெல்லமெல்ல உண்மையான போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். மாக்ஸ் ஓஃபுல்ஸ் 'லோலா மான்டெஸ்' (1955) படத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சர்க்கஸ் கூடாரத்தில் காட்சிப்பொருளாக வைத்தார். லார்ஸ் வான் ட்ரியர் 'டாக்வில்' (2003) படத்தில் ஓர் ஊரையே தரையில் சாக்கட்டிக் கோடுகளாக வரைந்தார். ரைட்டின் வழி ஒலிவியேவுக்கு நெருக்கமானது. வேறுபாடு என்னவென்றால், ஒலிவியேவின் படத்தில் எல்லோரும் வெளியே போகிறார்கள். இங்கே லெவினுக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கிறது. அன்னா பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறாள்.

அரங்கத்தின் உயரத்தையும் ரைட் வீணாக்கவில்லை. லெவின் தன் அண்ணன் நிகொலாயைத் தேடிப் போகும்போது மேடைக்கு மேலேயுள்ள மரப்பாலங்களில் ஏறுகிறான். கயிறுகளுக்கும் திரைகளுக்கும் நடுவே மாஸ்கோவின் ஏழைகள் குடியிருக்கிறார்கள். மேலே தொங்கும் பாரங்களை இழுத்துக் கட்டியிருப்பவர்கள் அவர்கள். கீழே ஆடுபவர்களின் கண்ணில் படாதவர்கள். நிகொலாயோடு வாழும் மாஷாவாக இந்திய நடிகை தனிஷ்டா சாட்டர்ஜி நடித்திருக்கிறார்.

இனி படத்தால் முடியாததைப் பேச வேண்டும். வழக்கத்தை மீறிய தழுவல் ஒவ்வொன்றும், அறிந்தோ அறியாமலோ, துயரத்துக்கு என்ன காரணம் என்ற கேள்விக்குத் தன் வடிவத்திலேயே ஒரு பதிலை வைக்கிறது. ரைட்டின் அரங்கம் சொல்லும் பதில், அன்னாவை அழித்தது பார்வைகள் என்பது. நாவல் இதை மறுக்கவில்லை. அன்றைய ரஷ்யச் சட்டமும் அதற்குத் துணைநின்றது. மணவிலக்கு திருச்சபை நீதிமன்றத்தின் கையில் இருந்தது. தவறான உறவைக் காரணம் காட்டினால் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பானவர் மறுமணம் செய்ய முடியாது. நான்காம் பாகத்தில் கரேனின் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறார். மேசைமேல் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கையால் பிடித்துக்கொண்டே அந்த மனிதர், கணவன் மனைவி இருவரும் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் 'பிடிபடுவது'தான் எளிய வழி என்று விளக்குகிறார். ஒரு குடும்பம் பிரிவதற்குக்கூட யாராவது ஒளிந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் டால்ஸ்டாய் அங்கே நிற்கவில்லை. யாரும் பார்க்காத இடத்துக்கும் அவர் அந்தக் காதலர்களைக் கொண்டுபோகிறார். இத்தாலியில் பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து வாழ்கிறார்கள். கிசுகிசுப்பவர்கள் இல்லை, பைனாகுலர்கள் இல்லை. வ்ரோன்ஸ்கி பொழுதுபோகாமல் ஓவியம் வரையத் தொடங்குகிறான். ரஷ்ய ஓவியர் மிகாய்லோவ் அன்னாவை வரைந்து காட்டியதும், தான் வரைந்துகொண்டிருந்த அவள் படத்தை அப்படியே நிறுத்திவிடுகிறான். தனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது, ஆனாலும் மனம் நிறையவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு ரஷ்யாவில் அவனது பண்ணை வீட்டில் வாழ்கிறார்கள். இங்கிலாந்துப் பாணியில் ஆடம்பரமான அந்த வீட்டுக்கு அன்னாவின் அண்ணி டாலி விருந்தாளியாக வருகிறாள். வரும் வழியில் அன்னாவின் துணிவை நினைத்துப் பொறாமைப்பட்டவள், அங்கே அவள் வாழ்க்கையைப் பார்த்த பிறகு தன் குழந்தைகளும் கடன்களும் நிறைந்த வீட்டுக்குத் திரும்ப ஏங்குகிறாள். இந்தப் பகுதிகள் நாவலின் உள்ளத்தில் இருப்பவை. ரைட்டின் படத்தில் மிகாய்லோவும் இல்லை, டாலியின் அந்தப் பயணமும் இல்லை. நேரம் போதாமை ஒரு காரணம். பார்வையாளர்கள் இல்லாத இடத்தில் அரங்கம் என்ற கருத்துக்கு வேலை இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். சமூகத்தின் கொடுமையை அரங்கம் சொல்லிவிடும். யாரும் தடுக்காத காதல் ஏன் உள்ளிருந்தே கசந்துபோகிறது என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. படத்தின் பிற்பாதி இளைத்துப்போவதற்கு இதுவே மூலம்.

காலமும் இங்கே நழுவுகிறது. நாவலில் வ்ரோன்ஸ்கியின் ஆசை நிறைவேற ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும் படத்தில், காட்சியோடு காட்சி கலந்து வழுக்கிப்போகும் அந்த அரங்கத்தில், மாதங்கள் கடப்பது உடலில் உறைக்கவில்லை. பொறாமை மனத்தில் ஊறுவதற்கு நீண்ட, ஒன்றும் நடக்காத நாள்கள் வேண்டும். அன்னாவின் கடைசி நாளை டால்ஸ்டாய் எழுதியிருக்கும் விதம் இதற்குச் சான்று. வண்டியில் போகும் அவள் கடைப் பலகைகளைப் படிக்கிறாள், சாலையில் போகிறவர்களைப் பார்த்து ஒருவரையொருவர் வெறுப்பவர்கள் என்று முடிவுகட்டுகிறாள், தொடர்பில்லாத நினைவுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வருகின்றன. பிற்கால நாவலாசிரியர்கள் நனவோடை என்று பெயரிட்டு வளர்த்த முறை அந்தப் பக்கங்களில் ஏற்கனவே முழு வீச்சில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கப்பட்ட அன்னாவை அரங்கம் தருகிறது. உள்ளிருந்து உலகத்தைப் பார்க்கும் அன்னாவைத் தருவதற்கு அதனிடம் கருவி இல்லை. நைட்லியின் முகத்தை மட்டும் நம்பி அந்தப் பொறுப்பை விட்டுவிடுகிறது படம்.

கரேனினுக்குப் படம் செய்திருப்பது வேறு கதை. பத்தாண்டுகள் முன்னதாக எடுத்திருந்தால் வ்ரோன்ஸ்கியாக நடிக்கத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய ஜூட் லாவைக் கணவனாக்கியது நல்ல முடிவு. 1935 படத்தில் பாசில் ராத்போன் நடித்த கரேனின் இரக்கமில்லாத வில்லன். ஜூட் லாவின் கரேனின் ஒழுங்கை மட்டுமே பாடமாகக் கற்ற மனிதன். அந்த ஒழுங்கு குலையும்போது செய்வதறியாமல் நிற்கிறான். ஆரன் டெய்லர்-ஜான்சனின் வ்ரோன்ஸ்கி அவனுக்கு முன் மிகவும் இளையவனாக, மெருகேற்றிய பொம்மையாகத் தெரிகிறான். நாவலின் வ்ரோன்ஸ்கிக்கு அதைவிடக் கனம் உண்டு.

ரயிலைப் படம் பயன்படுத்தும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1851இல். நாவல் எழுதப்பட்டபோது அது ஒரு தலைமுறைப் பழக்கம் மட்டுமே. நாவலின் முதல் பக்கங்களில் அன்னாவின் அண்ணன் ஸ்டீவாவின் குழந்தைகள் ஒரு பெட்டியை ரயிலாக்கி விளையாடுகிறார்கள். அன்னா மாஸ்கோவில் வந்திறங்கும்போது ரயில்வே காவலாளி சக்கரத்தில் நசுங்கிச் சாகிறான். பனிப்புயலில் ரயில் நின்ற இடைநிலையத்தில் வ்ரோன்ஸ்கி தன் காதலைச் சொல்கிறான். கடைசியில் மாஸ்கோவை அடுத்த ஒபிராலோவ்கா நிலையத்தில் எல்லாம் முடிகிறது. ரைட் குழந்தைகளின் அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, நகரத்துக்கு நகரம் போகும் பயணங்களைப் பனி படர்ந்த பொம்மை ரயிலாகக் காட்டுகிறார். சிறுவனின் விளையாட்டுப் பொருளும் தாயின் சாவும் ஒரே வடிவத்தில் இணைகின்றன. டால்ஸ்டாய் நூற்றுக்கணக்கான பக்கங்களில் பரப்பி வைத்ததைக் கண்ணுக்கு ஒரே நொடியில் தந்துவிடும் ஆற்றல் சினிமாவுக்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தப் படத்தில் இல்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வேறு சில துயர நாவல்களும் புது உருவம் பெற்றன. சரத்சந்திரரின் 'தேவதாஸ்' நாவலை அனுராக் காஷ்யப் 'தேவ் டி' (2009) ஆக்கியபோது நாயகனைச் சாகவிடவில்லை. சாதியும் குடும்பமும் செய்த அநீதி என்று பழைய படங்கள் அழுததை, தன்மேல் தானே கொண்ட இரக்கத்தில் ஒருவன் சீரழிவதாக அவர் படித்தார். தாமஸ் ஹார்டியின் டெஸ்ஸை மைக்கேல் விண்டர்பாட்டம் 'த்ரிஷ்னா' (2011) படத்தில் ராஜஸ்தானுக்குக் கொண்டுவந்து, அவளைக் கெடுப்பவனையும் காதலிப்பவனையும் ஒரே ஆளாக்கினார். அன்பும் சுரண்டலும் ஒரே கையிலிருந்து வருவதாக அவர் சொல்ல விரும்பினார். 2011இலேயே ஆண்ட்ரியா ஆர்னால்ட் 'வதரிங் ஹைட்ஸ்' படத்தில் ஹீத்கிளிஃபாகக் கறுப்பின நடிகரைத் தேர்ந்து, துயரத்தின் வேரில் நிறவெறியையும் வைத்தார். இவை ஒவ்வொன்றிலும் மாறியிருப்பது உடையோ ஊரோ மட்டுமில்லை. காரணம் மாறியிருக்கிறது. இதுபோன்ற படம் ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்படும் வாசகர் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்: மூலத்தில் பல காரணங்கள் பின்னிக் கிடக்க, இது எதைத் தேர்ந்திருக்கிறது, அந்தத் தேர்வுக்காக எவற்றை விட்டிருக்கிறது. மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் 1948 படமே வென்றுவிடும். ஆனால் இன்று அந்தப் படத்தைப் பார்த்து நாவலைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்துகொள்ள முடிவதில்லை. ரைட்டின் படத்திலிருந்து அறிந்துகொள்ள முடிகிறது.

ஆஸ்கரில் ஒளிப்பதிவு, கலை இயக்கம், இசை, உடை ஆகிய நான்கு பிரிவுகளில் படம் பரிந்துரைக்கப்பட்டது. விமர்சகர்கள் இரு பிரிவாக நின்றார்கள். அரங்கம் உணர்ச்சியை ஆறவைத்துவிட்டது என்றனர் ஒரு சாரார். அதுதான் நாவலைப் புதிதாகத் திறந்தது என்றனர் மறுசாரார். இரண்டும் உண்மை, படத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு.

டால்ஸ்டாய் தனியாக அச்சிட்ட எட்டாம் பாகத்தைப் பெரும்பாலான படங்கள் போலவே இதுவும் ஏறக்குறைய விட்டுவிடுகிறது. அன்னா இறந்த பிறகு வ்ரோன்ஸ்கி பல்வலியோடு ரயிலேறி செர்பியப் போருக்குப் போவதும், லெவின் தற்கொலை எண்ணத்தோடு போராடி நம்பிக்கைக்கு வருவதும் அதில்தான் வருகின்றன. 2017இல் கரேன் ஷாக்நசரோவ் அந்த முனையைப் பிடித்தார். அவருடைய படத்தில் ஆண்டு 1904, இடம் மஞ்சூரியா. ரஷ்ய-ஜப்பானியப் போரில் காயம்பட்ட முதிய வ்ரோன்ஸ்கி, ராணுவ மருத்துவமனையின் தலைமை மருத்துவராக வளர்ந்துவிட்ட செர்யோஷாவிடம் அவன் தாயைப் பற்றிச் சொல்கிறான். விகேந்தி வெரெசாயெவின் போர்க்கதைகளை அவர் நாவலோடு இணைத்திருந்தார். நாவலின் பாதியைத் தாங்கி நிற்கும் லெவினுக்கு அதிலும் இடமில்லை.